பிரஸ்ஸல்ஸில் தங்கிக்கொண்டு ஒருநாள் பயணம்: ப்ரூஜா, கென்ட்டா, ஆன்ட்வெர்ப்பா?

"பிரஸ்ஸல்ஸில் மூன்று ராத்திரி தங்குகிறோம், ஒரு நாள் ப்ரூஜ் போய்வந்தால் போதுமா, கென்ட்டையும் அதே நாளில் முடித்துவிடலாமா, ஆன்ட்வெர்ப்பில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?" போன வருடத்தில் மட்டும் நாலைந்து குடும்பங்கள் இதே கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் அதைப் பொறுத்துத்தான். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ட்யூசல்டார்ஃபில். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் கோடைக்கு வந்திருந்தபோது ஆறு பேராக பெல்ஜியத்தின் இந்த மூன்று ஊரையும் மூன்று நாளில் சுற்றினோம். அம்மாவுக்கு வலது முட்டி தேய்மானம், சுத்த சைவம், முட்டை கலந்திருந்தால்கூடத் தொடமாட்டார். அப்பா எழுபதைத் தாண்டியவர், ஆனால் கோபுரம் என்று ஒன்றைக் கண்டால் ஏறியே ஆக வேண்டும். மகளுக்குப் பதினொன்று, எதைக் காட்டினாலும் "ம்" என்பாள். பையனுக்கு நாலு, தள்ளுவண்டியில் உட்காரவும் மாட்டான், நடக்கவும் மாட்டான். இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எந்த ஊர் அழகு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். அழகில் மூன்றுமே குறைச்சல் இல்லை. ரயில் நிலையத்தில் இறங்கியதிலிருந்து அம்மா முதல் தடவை உட்காரும் இடம்வரை எவ்வளவு நடை, நாம் அங்கே இருக்கப்போகும் ஆறு மணி நேரம் அந்த ஊருக்கு நல்ல நேரமா கெட்ட நேரமா, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, இந்த மூன்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ரயில் விஷயத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து கென்ட் சுமார் 35 நிமிடம், ஆன்ட்வெர்ப் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், ப்ரூஜ் ஒரு மணி நேரம். உள்ளூர் ரயில்களில் இருக்கை முன்பதிவு என்ற பேச்சே கிடையாது, டிக்கெட்டை வாங்கினால் அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம், பையன் செருப்பைத் தொலைத்துவிட்டான் என்று ஒரு ரயிலை விட்டாலும் அடுத்தது அரைமணியில் வந்துவிடும். பெரியவர்களோடு வரும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. கவனிக்க வேண்டியது பெயர்களைத்தான். பிரஸ்ஸல்ஸ் பலகையில் பிரெஞ்சும் டச்சும் மாறி மாறி வரும். ப்ரூஜ்தான் ப்ருக்கே, கென்ட்தான் கான், ஆன்ட்வெர்ப்தான் ஆன்வேர். ரயில் பிரஸ்ஸல்ஸ் எல்லையைத் தாண்டி, டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குள் நுழைந்ததும் பிரெஞ்சு நின்றுவிடும், அறிவிப்பெல்லாம் டச்சில்தான். நாங்கள் ஆன்ட்வெர்ப் என்ற சொல் காதில் விழுந்தவுடன் பெட்டி படுக்கை, தள்ளுவண்டி எல்லாவற்றோடும் அடித்துப்பிடித்து இறங்கினோம், பார்த்தால் அது ஆன்ட்வெர்ப் பெர்ஹெம், ஊருக்கு வெளியே இருக்கும் நிலையம். இறங்க வேண்டியது சென்ட்ரல். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சரி, ப்ரூஜ். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், படங்களில் வருவதும் இதுதான். கால்வாய், வளைந்த கல்பாலம், படிப்படியாய் முகப்பு வைத்த செங்கல் வீடுகள், அன்னம். நடு ஊர் முழுவதும் 2000-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இந்த ஊர் இப்படி அப்படியே நின்றுபோனதற்குக் காரணம் ஒரு துரதிர்ஷ்டம். பதினான்காம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவின் பெரிய சந்தை இதுதான், இத்தாலியிலிருந்து வந்த வணிகர்கள் ஃபான் டெர் பூர்ஸே என்ற குடும்பத்தின் விடுதி வாசலில் கூடிப் பேரம் பேசியதால்தான் பங்குச்சந்தைக்கு ஐரோப்பாவில் பல மொழிகளில் பூர்ஸ் என்ற பெயரே வந்தது. கடலோடு இணைத்த ஸ்வின் என்ற கால்வாய் மணல் தூர்ந்துபோனது, கப்பல் வரத்து நின்றது, வியாபாரம் ஆன்ட்வெர்ப்புக்குப் போனது. இடித்துக் கட்டப் பணமில்லாமல் பழைய வீடுகள் நின்றுவிட்டன. இன்றைக்கு அந்த வறுமையைப் பார்க்கத்தான் நாம் டிக்கெட் எடுத்துப் போகிறோம்.

பிரச்சினை என்னவென்றால் நம்மைப் போலவே எல்லோரும் பதினோரு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகிறார்கள். ஸேப்ருக்கே துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பல்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஒருநாள் கூட்டத்தை இழுக்கும் விளம்பரங்களை நகராட்சியே 2019-ல் நிறுத்திக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து மார்க்ட் என்ற நடுச்சதுக்கம் இருபது நிமிட நடை, பஸ்ஸும் உண்டு, ஆனால் நாங்கள் வழியெல்லாம் அழகு என்று நம்பி நடந்தோம். அழகுதான். கருங்கல் பாவிய தெருவில் தள்ளுவண்டி தடதடவென்று ஆட, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்க, இருபது நிமிடம் ஐம்பது நிமிடமானது. போனதும் படகுக்கு வரிசை, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று அரைமணி நேரம் படகு. அந்த அரைமணி அருமை, பொய் சொல்லமாட்டேன், பையன்கூட வாயை மூடிக்கொண்டு வந்தான், அம்மாவுக்கு உட்கார்ந்தபடியே ஊரைக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இறங்கும்போது மணி ஒன்றரை.

மணிக்கூண்டு 83 மீட்டர், 366 படி, லிஃப்ட் கிடையாது, ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்குப் பண்ணி விடுவார்கள், அதற்கும் வரிசை. அப்பா போயே தீருவேன் என்றார், என் கணவர் துணைக்குப் போனார், மேலே போகப்போகப் படி குறுகி, எதிரே ஒருவர் இறங்கினால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்ததாம். அப்பா இறங்கி வந்து ஒரு மணி நேரம் பேசவில்லை. நாங்கள் கீழே நாலு பேரும் அதற்குள் அன்னை மரியாள் தேவாலயத்துக்குப் போய்வந்தோம். 115 மீட்டர் செங்கல் கோபுரம், உள்ளே மைக்கலாஞ்சலோ செய்த தாயும் சேயும் வெண்பளிங்குச் சிலை, அவர் உயிரோடிருக்கும்போதே இத்தாலியை விட்டு வெளியே வந்த சிற்பம் அது. பிரெஞ்சுப் படை 1794-ல் தூக்கிக்கொண்டு போனது, ஜெர்மன்காரர்கள் 1944-ல் தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. குழந்தை அம்மாவின் மடியில் உட்காராமல் இறங்கி ஓடப்பார்ப்பது போல நிற்கிறது. என் அம்மா எங்கள் பையனைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று ஊரிலும் ராத்திரி தங்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ப்ரூஜ் என்பேன். ஆறு மணிக்கு மேல் ஊர் காலியாகிவிடும், அதுதான் அந்த ஊரின் நல்ல நேரம். பகலில் மட்டும் போய்வர என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன், அதுவும் முட்டி வலிக்கும் ஒருவரோடு, கோடைச் சனிக்கிழமையில்.

கென்ட் நேர் எதிர். நிலையம் ஊர் நடுவிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல், முதலில் கேட்டதும் நான் இதைத்தான் குறையாக நினைத்தேன். தூரம் என்பதாலேயே யாரும் நடப்பதில்லை, வாசலில் டிராம் நிற்கிறது, வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறினால் பத்து நிமிடத்தில் கோரன்மார்க்ட் என்ற நடுச்சதுக்கம். அங்கே இறங்கினால் எல்லாம் கால்மணி நடைக்குள். இறங்கிய இடத்திலிருந்து நூறடியில் புனித மைக்கேல் பாலம், அதன்மேல் நின்றால் மூன்று கோபுரம் வரிசையாகத் தெரியும், பக்கத்திலேயே கிராஸ்லே என்ற பழைய படித்துறை. படித்துறை என்றதும் நம் ஊர் ஆற்றங்கரை ஞாபகம் வரவேண்டாம், ஆனால் தண்ணீரோரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார இடம் உண்டு, மாணவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை. அம்மா காலையில் ஹோட்டல் அறையில் கிளறிக் கொண்டுவந்த தயிர்சாதத்தை அங்கேதான் பிரித்தோம்.

கென்ட்டில் மக்கள் வாழ்கிறார்கள், அதுதான் வித்தியாசம். பெரிய பல்கலைக்கழக ஊர், சுற்றுலாக் கூட்டம் அதற்குள் கரைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் ஆல்ப்ஸுக்கு வடக்கே பாரிஸுக்கு அடுத்த பெரிய நகரம் இது, கம்பளித் துணி நெய்தே அவ்வளவு பெரிதானது. திமிர் பிடித்த ஊரும்கூட: இங்கேயே 1500-ல் பிறந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கே வரி கட்டமாட்டோம் என்று நின்றார்கள், 1540-ல் அவர் வந்து ஊர்ப் பெரியவர்களைக் கழுத்தில் தூக்குக் கயிற்றோடு தெருவில் நடக்கவைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தார். இன்றைக்கும் ஊர்க்காரர்கள் தங்களைக் கயிறுமாட்டிகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

பையனுக்குக் கோட்டை போதும். ஊர் நடுவிலேயே, அகழியோடு, 1180-ல் ஃபிளாண்டர்ஸ் கோமான் கட்டியது, நடுவில் பஞ்சாலையாகவெல்லாம் இருந்திருக்கிறது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டி வரலாற்றைக் கேலியாகச் சொல்கிறது, எங்கள் "ம்" மகள் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தது அங்கேதான். பீர் விலை ஏறியதைக் கண்டித்து 1949-ல் மாணவர்கள் கோட்டையைப் பூட்டிக்கொண்டு உள்ளிருந்து போலீஸ்மேல் அழுகிய பழங்களை எறிந்த கதையை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேல்தளம்வரை படிதான், அம்மா கீழே சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மணிக்கூண்டும் 91 மீட்டர், ஆனால் இங்கே முதல் மாடிவரை ஏறிவிட்டால் அப்புறம் லிஃப்ட். அப்பாவின் மானம் காப்பாற்றப்பட்டது.

அப்புறம் பாவோ பேராலயத்தில் இருக்கும் பலிபீட ஓவியம். ஃபான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-ல் முடித்தது, எண்ணெய் ஓவியம் என்றால் என்ன என்று ஐரோப்பாவுக்குக் காட்டிய ஓவியங்களில் ஒன்று. நடுவில் பலிக்கு நிற்கும் ஆட்டுக்குட்டி. பிற்காலத்தில் யாரோ மேலே பூசியிருந்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்தபோது மனிதக் கண்களோடு நேராக நம்மைப் பார்க்கும் பழைய முகம் வெளிவந்தது, 2020-ல் உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது, மகளுக்கு அந்த மீம்கள் முன்பே தெரியும், அதனால் அவள்தான் எங்களுக்கு வழிகாட்டி. கீழே இடதுமூலைப் பலகை நகல். அசலை 1934-ல் திருடிவிட்டார்கள், அது எங்கே இருக்கிறதென்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு ஒருவர் அதே ஆண்டு இறந்துபோனார், இன்றுவரை கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போனால் பதினொரு வயதுப் பிள்ளை ஓவியத்தின் முன்னால் அரைமணி நேரம் நிற்கும். முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பூசை என்பதால் மதியத்துக்கு மேல்தான் பார்க்கவிடுவார்கள்.

கென்ட்டில் விளக்கு வைக்கும் நேரம்வரை இருங்கள். கோட்டைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் சில தெருவிளக்குகள் ஊர் மருத்துவமனைப் பிரசவ அறைகளோடு இணைக்கப்பட்டவை, குழந்தை பிறந்தால் அந்த விளக்கு மெல்ல மங்கிப் பிரகாசிக்கும். நாங்கள் ஐஸ்கிரீம் வழிய வழிய உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவை அப்படி ஆனது. நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றார்.

ஆன்ட்வெர்ப்பை நான் பெயருக்குத்தான் பட்டியலில் வைத்திருந்தேன், மழை நாள் அதை மாற்றிவிட்டது. மற்ற இரண்டு ஊரும் மழையில் வெறும் ஈரக்கல். இங்கே ரயில் நிலையமே பார்க்க வேண்டிய இடம், 1905-ல் திறந்தது, பளிங்குப் படிக்கட்டும் பெரிய குவிமாடமுமாக, ரயில்கள் மூன்று தளங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். பையன் அங்கேயே குடியிருக்கத் தயாராக இருந்தான். கதவைத் தாண்டினால் 1843-லிருந்து இருக்கும் மிருகக்காட்சிச்சாலை. இன்னொரு பக்கம் வைரத் தெருக்கள். பாலன்பூர் குஜராத்திச் சமணர்கள் இந்த வியாபாரத்தில் பெரிய ஆட்கள், ஊரின் வில்ரைக் பகுதியில் பளிங்கில் கோயிலே கட்டியிருக்கிறார்கள். அதனால் நமக்கு என்ன லாபம் என்றால் நிலையத்தைச் சுற்றி வெங்காயம்கூட இல்லாத சாப்பாடு கிடைக்கும். அம்மா மூன்று நாளில் தைரியமாக வயிறு நிறையச் சாப்பிட்டது இங்கேதான்.

பேராலயத்தில் ரூபன்ஸின் நாலு பெரிய ஓவியங்கள், வரைந்த ஊரிலேயே. கோபுரம் 123 மீட்டர். அதைவிட எங்களுக்கு முக்கியமானது பிளான்டின் மொரேட்டஸ் அச்சுக்கூட அருங்காட்சியகம். அப்பா மதுரையில் முப்பது வருடம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர், ஆஃப்செட் வந்து வேலை போனபோது அதைப் பற்றிப் பேசுவதையே விட்டவர். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப் பொறிகள் இரண்டு, 1600-ஐ ஒட்டியவை, அங்கே நிற்கின்றன. ஈய எழுத்துகள் அறையறையாகப் பிரித்த மரக் கேஸ்கள் சாய்வாக வரிசையில். அப்பா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வலது கையை எழுத்துப் பொறுக்குவதுபோல அசைத்துக் காட்டினார், இடது கையில், எழுத்தை அடுக்கிவைக்கும் இல்லாத ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு. தலைகீழாக, வலமிடமாகப் படிப்பது எப்படி என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார், அவள் "ம்" சொல்லவில்லை. இந்த அச்சகத்தார் 1568-லிருந்து 1572 வரை ஐந்து மொழி பைபிளை அச்சடித்திருக்கிறார்கள், அதற்கு ஆறு வருடம் கழித்து 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் வந்துவிட்டது, நாம ஒண்ணும் பின்தங்கல என்று கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மழை விட்டதும் ஷெல்ட் ஆற்றுக்குக் கீழே போகும் நடைச்சுரங்கம். 572 மீட்டர், 1933-ல் திறந்தது, பழைய மர எஸ்கலேட்டர் இன்னும் ஓடுகிறது, சைக்கிளோடு ஏறும் பெரிய லிஃப்டும் உண்டு, காசில்லை. அக்கரையில் ஏறிப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் ஆன்ட்வெர்ப் விரிந்த ஊர், இடங்களுக்கு இடையே நவீன கடைத்தெரு, சாலை எல்லாம் வரும், அடியெடுத்து வைத்ததும் பழங்காலம் என்ற உணர்வு வேண்டுமென்றால் இது அந்த ஊர் இல்லை. திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

ப்ரூஜும் கென்ட்டும் ஒரே நாளில்? ஒரே ரயில் பாதைதான், இரண்டுக்கும் நடுவே அரைமணிகூட இல்லை, தாளில் பார்த்தால் சுலபம். இளவயதில் இரண்டு பேர் முதுகுப்பையோடு போனால் தாராளமாக முடியும். குடும்பமாகப் போனால் ஒவ்வொரு தடவை இடம் மாறுவதற்கும் கழிவறை, தண்ணீர், தள்ளுவண்டி மடிப்பது என்று முக்கால் மணி போய்விடும் (கழிவறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் காசு). அப்படியும் ஆகத்தான் வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்கே ப்ரூஜில் இருங்கள், ஒரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், மிச்ச நாளும் மாலையும் கென்ட்டுக்கு. மாற்றிப் போனால் கூட்டத்தில் சிக்குவீர்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய்க் கொடி பிடித்துக் காட்டும் பயணம் பற்றியும் கேட்கிறார்கள், பஸ்ஸுக்குள்ளேயே ஐந்தாறு மணி நேரம், வேண்டாம். சொந்தக் காரும் இந்த ஊர்களுக்குள் தொல்லை, கென்ட்டிலும் ஆன்ட்வெர்ப்பிலும் புகைக்கட்டுப்பாட்டு வலயம், ஜெர்மன் எண் வண்டியை முன்கூட்டிப் பதிய வேண்டும். நாங்கள் பிரஸ்ஸல்ஸ் ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம்.

சைவக்காரர்களுக்கு ஒன்று. பெல்ஜியத்து உருளை வறுவலைப் பார்த்ததும் இதிலென்ன இருக்கப்போகிறது என்று வாங்கிவிடாதீர்கள், பாரம்பரியமாக அதை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ஒஸ்ஸெவிட் என்று எழுதியிருந்தால் அதுதான். ப்ரூஜில் ஒரு கடையில் அம்மா முதல் துண்டை எடுக்கும்போது கணவருக்கு எதோ தோன்றிக் கேட்டார், கடைக்காரர் பெருமையாகத் தலையாட்டினார். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். வாஃபிளில் முட்டை உண்டு. இதிலும் கென்ட்தான் சுலபம், 2009-லிருந்து வியாழக்கிழமையைச் சைவ நாள் என்று நகராட்சியே ஊக்குவிக்கிறது, எந்த நாளில் போனாலும் சைவ உணவகம் கண்ணில் படும்.

ஆக, வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து போகிற குடும்பம், கையில் ஒரே ஒரு நாள் என்றால் கென்ட், யோசிக்க வேண்டாம். இரண்டு நாள் என்றால் இரண்டாவது நாளை இப்போதே முடிவு செய்யாதீர்கள், முந்தின ராத்திரி வானிலையைப் பாருங்கள். மழை என்றால் ஆன்ட்வெர்ப். வெயில் என்றால் எட்டு மணிக்கு முந்தைய ரயிலில் ப்ரூஜ், நிலையத்திலிருந்து பஸ், நேராகப் படகுத்துறை, மணிக்கூண்டை அப்பாக்களிடம் காட்டாமல் தாண்டிவிடுங்கள். ரயிலுக்கு முன்பதிவு இல்லாததால் இந்தக் கடைசி நேர முடிவில் ஒரு பைசா நஷ்டமில்லை. முன்கூட்டியே வாங்க வேண்டியது கென்ட்டில் அந்த ஆட்டுக்குட்டிக்கான டிக்கெட் ஒன்றுதான்.